விக்கலுக்குத் தண்ணீர் கொடுத்த வாரம்

வீடு வீடாகப் போய் நோயாளியைப் பார்க்கிற நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசிக்கு நரம்பு பிடிப்பது இதெல்லாம் உங்களுக்குக் காலேஜிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே செய்வீர்கள், என் கண்ணாடியின் தடிமன் அப்படி. அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் வார்டிலும் வெளியிலுமாக வேலை பார்த்துவிட்டு, போன வருஷம்தான் ஸ்கூட்டி சாவியை மகளிடம் கொடுத்தேன். உங்களிடம் நான் பேச வந்திருப்பது விக்கலைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. நானும் சிரித்தவள்தான், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் ஊரில் விக்கலுக்கு வைத்தியர் இல்லாத வீடே கிடையாது. ஒருவர் மூச்சு விடாமல் ஏழு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். இன்னொருவர் ஒரு ஸ்பூன் சர்க்கரையை நாக்கில் கொட்டச் சொல்வார், எதிரில் இருப்பவர் இருபது வருஷமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று தெரிந்தே சொல்வார். யாரோ நினைக்கிறார்கள் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்ப்பது தனி விளையாட்டு. பயமுறுத்தினால் நின்றுவிடும் என்பவர்களும் உண்டு. திருநீர்மலைப் பக்கம் ஒரு வீட்டில், பைபாஸ் ஆபரேஷன் முடிந்த பெரியவருக்கு விக்கல் வந்தது. மகன் சாதுரியமாகப் பின்னாலிருந்து வந்து "பாம்பு" என்று கத்தினான். பெரியவர் கட்டிலிலிருந்து குதித்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான் மாவுக்கட்டைப் பார்க்கப் போன அன்றைக்கும் அவர் விக்கிக்கொண்டுதான் இருந்தார்.

வயசுப் பிள்ளைக்கு அரைமணி நேரம் விக்கினால் அது விக்கல். அறுபது, எழுபது தாண்டியவர், சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம் என்று ஏதோ ஒன்று உடம்பில் இருக்கிறது, இரண்டு நாளாக விக்கல் நிற்கவில்லை என்றால் கதையே வேறு. உள்ளே யாரோ நின்று காலிங் பெல்லை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதயமாக இருக்கலாம், மூளையாக இருக்கலாம், இரைப்பையாக இருக்கலாம், ரத்தத்தில் ஏதாவது கூடியோ குறைந்தோ இருக்கலாம். நாம் கதவைத் திறந்து யார் என்று பார்க்க வேண்டும். நான் திறக்கவில்லை. பெல் சத்தம் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மாடம்பாக்கத்தில் ஞானமுத்து சார் என்று ஒருவர். ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், அப்போது எழுபத்தாறு வயது. சர்க்கரை, பிரஷர், இடது காலில் ஆறாத ஒரு புண். அவருடைய மனைவி கிரேஸ் டீச்சர், அவரும் ரிட்டயர்ட். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். மகள் ஷீபா மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தாள், ஓஎம்ஆர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. செவ்வாயும் வெள்ளியும் நான் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவேன். அந்த வீட்டுக்குப் போவதென்றால் எனக்குக் குஷி. சார் நன்றாகப் பேசுவார், டீச்சர் நன்றாகக் காபி போடுவார்.

அந்த வாரம் வீடு இன்னும் கலகலப்பாக இருந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஐம்பதாவது கல்யாண நாள். சர்ச்சில் நன்றி ஆராதனை, அது முடிந்து ஹாலில் சாப்பாடு. ஆராதனையில் சார் எழுந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். வருஷக்கணக்காக ஊரெல்லாம் பேசிய மனிதர், மனைவியைப் பற்றிச் சபையில் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். டீச்சர் அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். அவர் புடவையைவிட, சாப்பாட்டைவிட, அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது சார் விக்கிக்கொண்டிருந்தார். திங்கள் காலையிலிருந்தே அப்படித்தானாம். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சாரின் பழைய மாணவர்கள் பேரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பேருக்கு விக்கல் நிற்கிறதோ அவன்தான் நினைக்கிறான் என்று கணக்கு. வாத்தியார் வீட்டில் அட்டெண்டன்ஸ் எடுத்தால் அது எப்போது முடியும்? ஃபெயில் போட்டவன் எவனோதான் நினைக்கிறான், நின்ன மாதிரிதான் என்று சார் விக்கலுக்கு நடுவே சொன்னார். நான் கட்டைப் பிரித்த கையோடு விழுந்து விழுந்து சிரித்தேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. அதை எடுத்து நானே நிரப்பி, சாருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். விக்கல் வரும்போதெல்லாம் நாலு மடக்குக் குடியுங்கள், தானாக அடங்கிவிடும் என்றேன். டீச்சரிடமும், பாட்டில் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். விக்கினவனுக்குத் தண்ணீர் கொடுப்பது நமக்கெல்லாம் யோசித்துச் செய்கிற காரியமா? பஸ்ஸில் முன்சீட்டில் எவனோ விக்கினால்கூடப் பின்சீட்டிலிருந்து பாட்டிலை நீட்டுகிற ஜனம் நாம். கை தானாகப் போகும். என் கையும் போனது. என் தலையில் வெள்ளைத் தொப்பி வைத்தது கை தானாகப் போகாமல் இருக்கத்தான் என்பது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

விசிட் நோட்டில் புண்ணின் அளவு எழுதினேன், பிரஷர் எழுதினேன், சர்க்கரை எழுதினேன். விக்கல் என்ற வார்த்தையை எழுதவே இல்லை. அது ஒரு நோயாக எனக்குப் படவில்லை. புதிதாக ஏதாவது மாத்திரை மாற்றினார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஷீபா போன் செய்தாள். நாலு நாளாகிறது, அப்பா ராத்திரி தூங்கவே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சனிக்கிழமைக்குள் எப்படியாவது நிறுத்தியாக வேண்டும் என்றாள். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் சுரீர் என்றது. உடனே ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவள் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் வீடியோ காலில் பேசினாள். அவர் விக்கலுக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுக்கச் சொன்னாராம். மாத்திரையை உடனே வாங்கிவிட்டார்கள். பரிசோதனையை, சனிக்கிழமை ஃபங்ஷன் முடியட்டும், திங்கட்கிழமை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். இது எந்த வீட்டிலும் நடப்பதுதான். நாம் சொல்வதில் மாத்திரை மட்டும்தான் ஜனங்கள் காதில் விழும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்கூட்டியை அவர்கள் வீட்டு கேட்டில் நிறுத்தும்போது, தண்ணீர் கேன் போடுகிற சேகர் அண்ணன் வண்டியிலிருந்து ஒரு கேனை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், அந்தப் பக்கம் எல்லாத் தெருவுக்கும் அவர்தான். என்னைப் பார்த்ததும் கேனைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுப் பேசினார்.

"இன்னா சிஸ்டர், உள்ள விருந்தாளி எல்லாம் வந்துட்டாங்களா? இந்த வூட்டுக்குப் பத்து நாளிக்கு ஒரு கேன் போட்டாலே ஜாஸ்தி. திங்கக்கெழம தான் போட்டுட்டுப் போனேன். அதுக்குள்ள காலியா கீதுன்னு போன் பண்றாங்க."

நாளைக்கு விசேஷம் அண்ணா, சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அந்தப் பேச்சை அப்படியே செருப்போடு வாசலில் விட்டுவிட்டேன்.

உள்ளே போனால் வீடு கோயில் மாதிரி அமைதி. ஷீபா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வாயில் விரலை வைத்து எனக்குச் சைகை காட்டினாள். அப்பா தூங்குகிறார். மாத்திரை வேலை செய்துவிட்டது. விக்கல் எப்போதாவது ஒன்றுதான் வருகிறது. டீச்சர் கண்கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் பெரியவர் என்றார். நாலு நாள் கழித்து அந்த வீட்டில் எல்லோரும் அன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு விட்டார்கள். இன்றைக்குக் கட்டு வேண்டாம் சிஸ்டர், அவர் தூங்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றுங்கள் என்று ஷீபா கெஞ்சினாள். எனக்கும் வேறு மூன்று வீடு பாக்கி இருந்தது. சரி என்று சொல்லிப் பையை மறுபடி தோளில் மாட்டிவிட்டேன்.

அப்போது ஒரு ஆள் எனக்கு ஞாபகம் வந்தார். நான் டிரெயினிங்கில் இருந்தபோது எங்கள் வார்டில் ஒரு ஹெட் சிஸ்டர் இருந்தார். ராட்சசி என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். ரவுண்டு வரும்போது கத்திக்கொண்டிருக்கிற நோயாளியிடம் போகவே மாட்டார். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, தெம்பு இருக்கிறது, நேற்று வரை கத்திவிட்டு இன்றைக்கு யார் அமைதியாகிவிட்டார்களோ அவரிடம் முதலில் போ என்பார். போய், நல்ல தூக்கம் என்று எழுதாதே, எழுப்பிப் பேர் கேள் என்பார். தூங்குகிற நோயாளியை எழுப்புகிறாளே என்று அந்த அம்மாவை நான் எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

பையை இறக்கி வைத்தேன். கட்டு வேண்டாம், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி அறைக்குள் போனேன். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைக்குக் கண்ணைத் திறந்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நாளைக்கு என்ன விசேஷம் சார் என்று கேட்டேன். உதட்டை நனைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "ரிவிஷன் டெஸ்ட்டு. பேப்பர் இன்னும் திருத்தல." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஷீபா சிரித்துவிட்டாள், கனவு காண்கிறார் என்று. நான் போய்ப் பையை எடுத்து வந்தேன்.

சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. பிரஷரும் பெரிதாகக் குறையில்லை. முகம் கோணவில்லை, கை கால் இரண்டு பக்கமும் அசைந்தது. கையில் இருந்த கருவியெல்லாம் ஒன்றுமில்லை என்கிறது, கண்ணெதிரே இருக்கிற மனிதர் சரியில்லை. அந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். கருவியை நம்பி வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்க வேண்டியது. பிரஷர் மாத்திரை புதிதாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் மாற்றினார்களாம், சிறுநீரோடு உப்பையும் சேர்த்து வெளியேற்றுகிற மருந்து கலந்த மாத்திரை. அதோடு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சாருக்குத் தனியாக உப்பே போடாமல் சமைத்திருக்கிறார். பாராட்டுவேன் என்று நினைத்து அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நான் வைத்த பாட்டில் இருந்தது, நிரம்பி.

சொந்தக்காரர்கள் எப்போது வந்தார்கள் என்று கேட்டேன். இன்னும் யாரும் வரவில்லை, நாளைக் காலையில்தான் வருகிறார்கள் என்றார் டீச்சர். அப்போதுதான் வாசலில் விட்டுவிட்டு வந்த சேகர் அண்ணன் பேச்சு உள்ளே வந்தது. இருபது லிட்டர் கேன். பத்து நாள் வருவது நாலே நாளில் முடிந்திருக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். மாத்திரை உப்பை வெளியே தள்ளுகிறது, சாப்பாட்டில் உப்பு உள்ளே வரவில்லை, மீதி இருக்கிற கொஞ்ச உப்பையும் விக்கலுக்கு விக்கல் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தோம். ரத்தத்தில் இந்த உப்பு, அதாவது சோடியம், குறைந்தாலும் விக்கல் வரும். விக்கல் வந்ததால் தண்ணீர் கொடுத்தோம். தண்ணீர் கொடுக்கக் கொடுக்கச் சோடியம் இறங்கி விக்கல் கூடியிருக்கிறது. ரத்தத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த நர்ஸாலும் முடியாது. எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அதை நிரூபிக்கிற இடம் வீடு இல்லை என்பது மட்டும் தெரியும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். ஷீபாவுக்கு முகம் மாறிவிட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாலு ராத்திரி அம்மாவோடு போனில் விழித்திருந்தவள், விடிந்தால் ஐம்பதாவது கல்யாண நாள். தூக்க மாத்திரை மாதிரி மருந்து சாப்பிட்டால் தூக்கம் வரத்தானே செய்யும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், மருந்தும் கொஞ்சம் தூங்க வைத்திருக்கும். நான் விடாமல் நின்றதும் அவள் குரல் உயர்ந்தது.

"செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தது நீங்கதானே சிஸ்டர்? ஒண்ணும் இல்ல, தண்ணி குடிச்சா போதும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப வந்து ஹாஸ்பிட்டல்ங்கறீங்க."

என் சர்வீஸில் எவ்வளவோ நெருக்கடி பார்த்திருக்கிறேன். ரத்தம் பீறிட்டதைப் பார்த்திருக்கிறேன், மூச்சு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதிலெல்லாம் தடுமாறியதில்லை. அந்தக் கேள்விக்குத் தடுமாறினேன். என் முன்னால் இரண்டு வழி இருந்தன. நான் சொன்னது சரிதான், நீங்கள்தான் அளவில்லாமல் கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அரைமணி நேரம் சண்டை நடக்கும், டீச்சர் அழுவார், சார் தூங்கிக்கொண்டே இருப்பார். இல்லையென்றால், சரி, உங்கள் இஷ்டம், சாயங்காலம் வரை பாருங்கள் என்று நழுவலாம். அது இன்னும் சுலபம். மனசு அந்தப் பக்கம்தான் இழுத்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"ஆமா ஷீபா, நான்தான் சொன்னேன்," என்றேன். "தப்பா சொல்லிட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

அவள் என்னையே பார்த்தாள். சண்டைக்கு எதிராளி இல்லாமல் போனதும் அவளிடம் மிச்சம் இருந்தது பயம் மட்டும்தான். போனை எடுத்தாள்.

கேம்ப் ரோடு சிக்னலுக்கு முன்னால் எங்கள் ஆம்புலன்ஸ் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. லாரி குலுங்கக் குலுங்கப் பின்பக்கமாகத் தண்ணீர் ரோட்டில் சிந்திக்கொண்டே போனது. அன்றைக்குத் தண்ணீர் என்னை விடுவதாக இல்லை. டீச்சர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சாரை எழுப்பிப் பேர் கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் பேரும் வரவில்லை.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். தண்ணீர் எவ்வளவு குடித்தார் என்று கேட்டதற்கு, எல்லோரும் குடிக்கிற மாதிரிதான் என்றாள் ஷீபா. நான் குறுக்கிட்டு, ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்குக் குறையாமல், தண்ணீர் கேனை வைத்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்கும் வரிசையில் சாரை முதலில் போட்டாள். சோடியம் நூற்றுப் பதினான்கு. நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே வரக்கூடாதது. இன்னும் ஒரு ராத்திரி தூங்க விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றாள். அதை வேகமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்தாம். சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும், புது மாத்திரையை நிறுத்த வேண்டும், குடிக்கிற தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றாள்.

வெளியே பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். "அம்பது வருஷமா அவருக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கறேன் சிஸ்டர். ராத்திரி எல்லாம் முழிச்சிருந்து நானே குடுத்திருக்கேனே," என்றார். அந்த அம்மாவுக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல? பாட்டிலை எடுத்து வைத்தது நான் டீச்சர், நீங்கள் நர்ஸ் சொன்னதைக் கேட்டீர்கள், அவ்வளவுதான் என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன்.

சனிக்கிழமை சர்ச்சில் ஆராதனை நடக்கவில்லை. சாயங்காலம் போதகர் ஆஸ்பத்திரிக்கே வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். நான் போனபோது சார் கண் விழித்திருந்தார். குரல் கம்மியாக இருந்தாலும் ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. மணி என்ன, சர்ச்சுக்கு நேரமாகவில்லையா என்று அவர் கேட்டதும் ஷீபா எழுந்து வெளியே ஓடிவிட்டாள், அழுகையை மறைக்க. தண்ணீர் கேட்டார். நர்ஸ் அளவுக் கப்பில் ஊற்றி டீச்சர் கையில் கொடுத்தாள். சார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைப் படித்தார்.

"அம்பது மில்லி," என்றார். "வருஷத்துக்கு ஒரு மில்லி. கணக்கு சரியா இருக்கு கிரேஸ்." ஒரு மடக்குக் குடித்தார். மூச்சு வாங்கியது. "நீ இல்லாம எனக்கு எந்தக் கணக்கும் வந்திருக்காது."

சபையில் பேச வேண்டிய இரண்டு நிமிடம் அதோடு முடிந்தது. டீச்சர் கப்பைத் திருப்பி வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால், அது குறைவு என்று தோன்றவில்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டதை அப்படியே சொல்கிறேன். விக்கினால் தண்ணீரே கொடுக்காதீர்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், அது வேறு வம்பு. எத்தனை நாளாக என்று கேளுங்கள். மருந்தில் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, இதற்கு இதுவரை நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். நோய் என்ன செய்தது என்று கேட்கத்தான் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அக்கறை என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. உப்பில்லாத சமையலும் அக்கறைதான், கட்டிலோரத்துப் பாட்டிலும் அக்கறைதான். நம்முடைய அக்கறையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சார் வீட்டுக்கு வந்தபிறகு முதல் செவ்வாய்க்கிழமை கட்டு மாற்றப் போனேன். ஷீபாவிடம் சொன்னாயிற்று, டீச்சரிடம் சொன்னாயிற்று, உயிர் போகவிருந்தவரிடம் இன்னும் சொல்லவில்லை. கட்டை அவிழ்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், முழுவதும் சொன்னேன். பாட்டில், காபி, எழுதாத நோட்டு எல்லாம். வேறு நர்ஸ் வேண்டுமென்றால் எங்கள் கிளினிக்கில் சொல்லி ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

சார் சொன்னார்: "நான் கணக்கு வாத்தியார் சிஸ்டர். சரியான விடையைப் போர்டுல எழுதினா ஒருத்தனும் பாக்க மாட்டான். தப்பா போட்டவனோட கணக்கை எழுதினா க்ளாஸே நிமிர்ந்து பாக்கும். அதனால தப்பைத்தான் எழுதுவேன், பேரை மட்டும் எழுத மாட்டேன். நீங்களும் புதுசா வர்ற நர்ஸ் புள்ளைங்களுக்கு எழுதிப் போடுங்க. பேரை விட்டுடுங்க."

இத்தனை வருஷம் அப்படித்தான் செய்தேன். 'ஒரு சிஸ்டர் இருந்தாங்க' என்று ஆரம்பித்து எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் அந்த சிஸ்டரை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு, நாம் அப்படிச் செய்ய மாட்டோம் என்ற தைரியத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அதனால் இன்றைக்கு மட்டும் சார் பேச்சை மீறிவிட்டேன். போர்டில் இருப்பது இந்த வசந்தா போட்ட கணக்கு. என்றைக்காவது உங்களைப் பார்த்தும் ஒரு ஷீபா, நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம், உயிர் ஒன்றும் போய்விடாது. சொல்லாவிட்டால்தான் போகும், நம்முடையது அல்ல.

வேறு நர்ஸ் வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கட்டை முடித்துக் கைகழுவி வரும்போது, டீச்சர் தந்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாருக்கு விக்கல் வந்தது. ஒன்றே ஒன்று. வீடு அப்படியே உறைந்துவிட்டது. டீச்சர் கை டம்ளருக்குப் போய் நடுவழியில் நின்று, கண் என்னிடம் வந்தது. மூன்று பேரும் அடுத்ததற்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

ஒரு மடக்குக் கொடுங்கள் டீச்சர் என்றேன். பிறகு நோட்டை எடுத்துப் புண்ணின் அளவுக்குக் கீழே எழுதினேன்: காலை ஒன்பதரை, சாப்பிடும்போது, விக்கல், ஒன்று. சார் இட்லிக் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு எட்டிப் படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை இடது கையால் எடுத்தார், அந்த வரிக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு டிக் போட்டார்.